தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையா?

சின்ன வயதில் நாம் அடம்பிடித்து அழும்போது, "நீ எங்க பிள்ளையே இல்ல, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று அப்பத்தாவோ அத்தையோ கேலி செய்யாத வீடு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் உண்டா? அந்தக் கேலிக்குள் ஒரு பழைய சோகம் இருக்கிறது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், அடுத்த பிள்ளையாவது தங்கவேண்டும் என்று, அதைக் கொஞ்சம் தவிட்டுக்கு விற்பதுபோல் விற்று மறுபடி வாங்கிக்கொள்வார்களாம். எமன் கண்ணில் அது விலையில்லாப் பிள்ளையாகப் படவேண்டும் என்பதற்காகவே 'பிச்சை' என்றும் 'குப்பம்மாள்' என்றும் பெயர் வைத்தார்களாம்.

இந்தக் கேலியை ஒரு நாள் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். ஒரு தோழி மட்டும் சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு எழுந்து போனாள். ஒரு வாரம் கழித்துத்தான் காரணம் சொன்னாள். அவள் உண்மையிலேயே தத்தெடுக்கப்பட்ட பிள்ளை. "என்னைப் பெத்தவங்க என்னைத் தேடியிருப்பாங்களாடி?" என்று அவள் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அவளுடைய அனுமதி பெற்றே எழுதுகிறோம்.

வேதாகமத்தில் வளர்ப்புப் பிள்ளைகள்

தத்தெடுப்பது புதிய வழக்கம் அன்று. எபிரேயக் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அரசனின் மகளே, நைல் நதியில் நாணற்பேழையில் மிதந்த மோசேயை எடுத்து வளர்த்தாள். அவள் வேறு நாட்டவள், வேறு மொழி பேசியவள், வேறு தெய்வத்தை வணங்கியவள். அயல்நாட்டார் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்ற கதைகளில் இதுவும் மிகப் பழமையானது அன்றோ? பெற்றோரை இழந்த எஸ்தரை மொர்தக்காய் மகளாக வளர்த்தார். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, நம் ஆண்டவருக்கே ஒரு வளர்ப்புத் தந்தை இருந்தார். அவர்தான் புனித சூசையப்பர். நமது கரிசல் சீமையின் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தம் பெருங்காப்பியமாகிய தேம்பாவணிக்குத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தது அந்தச் சூசையப்பரைத்தான். ஆகவே 'வளர்ப்பு' என்ற சொல் நமக்குக் குறைவான சொல்லாக இருக்க முடியாது.

தாஸ்மானியாவில் இருந்து வந்த பெற்றோர்

நம் நாட்டுப் பிள்ளையை வெளிநாட்டுத் தம்பதியர் தத்தெடுத்த கதைகளில் உலகம் நன்கு அறிந்தது சாரூ பிரையர்லியின் கதை. 1986ஆம் ஆண்டு, மத்தியப் பிரதேசத்தின் காண்டுவா நகரைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன், அண்ணனோடு புர்ஹான்பூர் ரயில் நிலையத்துக்குச் சென்றான். அங்கே நின்ற ரயிலில் ஏறித் தூங்கிப்போனான். அந்த ரயில் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கல்கத்தாவில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தெருவில் சில வாரம் அலைந்தான். பின்னர் காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து அனாதை இல்லத்துக்கும் போய்ச் சேர்ந்தான். தன் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. 'கணேஷ் தலாய்' என்ற தன் பேட்டையின் பெயரை மழலையில் சிதைத்துச் சொன்னான். 'ஷேரு' என்ற தன் பெயரே 'சாரூ' ஆகிவிட்டது. கண்டெடுத்த பிள்ளை என்று அறிவிப்பும் வெளியாயிற்று. கல்லும் மண்ணும் சுமந்து கூலி வேலை செய்த அவன் தாய்க்கு அது எட்டவில்லை.

அதே காலத்தில், ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியத் தீவில் ஹோபார்ட் நகரில் ஜான், சூ பிரையர்லி என்ற தம்பதியர் காத்திருந்தனர். பிள்ளை இல்லாத குறையால் அவர்கள் தத்தெடுக்க நினைக்கவில்லை. உலகில் பெற்றோரின்றித் தவிக்கும் பிள்ளைகள் இருக்க, நாமும் ஒன்று பெறுவானேன் என்பது அவர்கள் எண்ணம். பிள்ளை பெறக்கூடியவர்கள் தத்தெடுக்க அக்காலத் தாஸ்மானியச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே சட்டம் மாறும்வரை ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்தார்கள். கல்கத்தாவில் சரோஜ் சூட் என்ற அம்மையார் நடத்திய நிறுவனத்தின் மூலம் சாரூ அவர்களுக்கு மகனானான். தங்கள் முகமும் வீடும் அவனுக்கு முன்கூட்டியே பழகவேண்டும் என்று ஒரு சிறிய புகைப்படப் புத்தகத்தை அனுப்பிவைத்தார்கள். 1987இல் மெல்போர்ன் விமான நிலையத்தில் முதன்முதலாக மகனைக் கண்டார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

சூ அம்மையார் அவனுடைய அறைச் சுவரில் இந்திய வரைபடம் ஒன்றை மாட்டி வைத்தார். 'நீ பிறந்த நாட்டை மறக்காதே' என்பதே அதன் பொருள். வளர்ந்தபின் அவர், கணினியில் தெரியும் செயற்கைக்கோள் படங்களில் ரயில் பாதைகளைத் தொடர்ந்து தேடி, 2011இல் தம் ஊரைக் கண்டுபிடித்தார். 2012இல் காண்டுவா சென்றார். மகன் என்றேனும் திரும்புவான் என்ற நம்பிக்கையில் தாய் அந்தப் பகுதியைவிட்டு வேறு எங்கும் போகாமல் இருந்தார்! ஆனால் சாரூவுக்கு இந்தி மறந்துபோயிருந்தது. தாயும் மகனும் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. பின்னொரு நாளில் இரண்டு தாய்மாரும் நேரில் சந்தித்து ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டார்கள். இக்கதை 2016இல் 'லயன்' என்ற திரைப்படமாகவும் வந்தது.

இக்கதையில் இரண்டு உண்மைகள் உள்ளன. தத்தெடுத்தவர்களின் அன்பு உண்மையானது. பெற்ற தாயின் காத்திருப்பும் உண்மையானது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

சட்டம் ஏன் வந்தது?

அந்தக் காலத்தில் வெளிநாட்டார் நம் நாட்டுப் பிள்ளையை 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் வளர்ப்பவராக மட்டுமே அழைத்துச் செல்ல முடியும். தம் நாட்டுக்குப் போனபிறகே தத்தெடுப்பார்கள். போன பிள்ளை என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. இதைக் கண்டு வருந்திய லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1984இல் நீதிபதி பி. என். பகவதி தீர்ப்பளித்தார். முதலில் இந்தியக் குடும்பத்தில் இடம் தேடவேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு, அதுவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் மூலமே என்று அத்தீர்ப்பு வழி வகுத்தது. அதன் பயனாக 1990இல் 'காரா' எனப்படும் மத்திய தத்துவள ஆணையம் டெல்லியில் தோன்றியது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது.

நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே தத்தெடுக்கும் உரிமை தந்தது. சூசையப்பரைக் கொண்டாடும் நாம் சட்டப்படி ஒரு பிள்ளைக்குப் பாதுகாவலராகலாமே தவிர, தாய் தந்தையராக முடியாதிருந்தது! 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006இல் அதற்கு வந்த திருத்தமும்தான் அந்தக் கதவைத் திறந்தன. எம்மதத்தாரும் இச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

இன்று நடைபெறும் முறை

இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். கைவிடப்பட்ட குழந்தை ஒன்று கிடைத்தால், அதை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் சேர்க்கவேண்டும். எடுத்தவர் தாமே வைத்துக்கொள்வது குற்றம். பெற்றோரைத் தேடி அறிவிப்பு வெளியிடுவார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் இரண்டு மாதமும், அதற்கு மேற்பட்டதானால் நான்கு மாதமும் தேடியபின்பே 'தத்துக்கு உரியது' என்று குழு அறிவிக்கும். வளர்க்க இயலாத தாய் தானே ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு.

அதன்பிறகும் இந்தியக் குடும்பங்களுக்கே முதலிடம். 60 நாளில் இடம் அமையாவிட்டால்தான் வெளிநாட்டாருக்கு வழி திறக்கும். நோயோ ஊனமோ உள்ள குழந்தைகள், பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகள், ஐந்து வயது கடந்தவர்கள் ஆகியோரையே அயல்நாட்டுத் தம்பதியர் பெரும்பாலும் ஏற்கிறார்கள். நம்மவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பிள்ளையைக் கடல் கடந்து வந்து ஒரு தாய் தூக்கிச் செல்கிறாள் என்றால், பெருமை யாருக்கு, வெட்கம் யாருக்கு என்று நாமே எண்ணிப் பார்க்கவேண்டும்.

வெளிநாட்டுத் தம்பதியர் நேராக இங்கு வந்து பிள்ளை கேட்க முடியாது. தம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பதிவு செய்யவேண்டும். அந்நிறுவனத்தின் அலுவலர் வீட்டுக்கே வந்து, அவர்களுடைய உடல்நலம், வருமானம், குணநலன், இல்லற ஒற்றுமை எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை எழுதுவார். குறைந்தது இரண்டாண்டு அமைதியான மணவாழ்வு வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85க்கு மேல் போகக்கூடாது. இரு நாட்டு அதிகாரிகளும் ஒப்புக்கொண்டபின், காரா தடையின்மைச் சான்று தரும். முன்பு நீதிமன்றம் தந்த தத்து ஆணையை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தருகிறார். அதற்குப்பின் பாஸ்போர்ட் எடுத்து, பெற்றோர் நேரில் வந்து பிள்ளையை அழைத்துச் செல்வார்கள். போனபின்னும் இரண்டாண்டு கண்காணிப்பு உண்டு. முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாமாண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பிள்ளையின் நலம் பற்றிய அறிக்கை வரவேண்டும்.

2024-25ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,515 பிள்ளைகள் தத்துப் பெற்றோரை அடைந்தனர். அவர்களில் 4,155 பேர் இந்தியாவிலேயே இடம் பெற்றனர்.

இத்தனை காகிதம் எதற்கு?

பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியருக்கு இவ்வளவு தாமதம் கொடுமை இல்லையா என்று எங்களுக்கும் முதலில் தோன்றியது. பின்பு தெரிந்துகொண்ட செய்திகள் எங்கள் எண்ணத்தை மாற்றின. 1990களின் இறுதியில் சென்னையின் ஏழைக் குடும்பங்களில் இருந்து திருடப்பட்ட குழந்தைகள், பொய்க் காகிதத்தோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்துப்பிள்ளைகளாக அனுப்பப்பட்டது 2005இல் வெளிப்பட்டது. இலங்கையில் 1980களில் குழந்தைகளை விற்பதற்கென்றே 'குழந்தைப் பண்ணைகள்' நடந்ததை 2017இல் அந்நாட்டு அமைச்சரே ஒப்புக்கொண்டார். இத்தகைய முறைகேடுகளை விசாரித்த குழுவின் அறிக்கையைக் கண்டு, நெதர்லாந்து அரசு 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. பிள்ளையை ஏற்ற அந்தத் தம்பதியர் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தாயின் கண்ணீரில் இன்னொரு தாயின் தொட்டில் ஆடலாமா? ஒவ்வொரு முத்திரையும் ஒவ்வொரு கையெழுத்தும், 'இந்தப் பிள்ளையை யாரும் திருடவில்லை, யாரும் விலைக்கு வாங்கவில்லை' என்பதற்கான சாட்சி.

நம் கடமை

மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போகும் சீமை நம்முடையது. பெண் குழந்தை பிறந்தால் முகம் வாடும் வீடுகளையும் நாம் அறிவோம். பெண் சிசுக்களைக் காக்கவே 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 2001இல் மதுரை முதலிய மாவட்டங்களுக்கும் வந்தது. வளர்க்க முடியாத வறுமை வந்தாலும், முள்ளுக்காட்டிலோ பேருந்து நிலையத்திலோ ஒரு குழந்தையையும் போட்டுவிட்டுப் போகத் தேவையில்லை. 1098 என்ற எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். தெரிந்தவர், தரகர் என்று எவரிடமும் பிள்ளையைக் கைமாற்றவும் கூடாது. வீட்டில் உள்ள தம்பி தங்கையருக்குத் தங்கள் பெயர், தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் எல்லாவற்றையும் பிழையின்றிச் சொல்லக் கற்றுக்கொடுப்போம். சாரூவுக்கு அது தெரிந்திருந்தால் இருபத்தைந்து ஆண்டு அழுகை இருந்திராது.

எழுதி முடித்ததும் இக்கட்டுரையை எங்கள் தோழியிடம் காட்டினோம். ஒரிடத்தில் அவளைப் பற்றி 'பாவம்' என்று எழுதியிருந்தோம். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டாள். "எங்கம்மா என்கிட்ட உண்மையைச் சொன்ன அன்னிக்கு, 'எத்தனையோ நாள் மனுப் போட்டு, காத்துக் கிடந்து உன்னை வாங்கினோம்'னுதான் சொன்னாங்க. இதுல பாவம் எங்க இருக்கு?" என்றாள். அவளைப் பெற்றவர்கள் தேடினார்களா என்ற கேள்விக்கு எங்களிடம் இன்றும் பதில் இல்லை. அவளை வளர்த்தவர்கள் தேடினார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

இனி எந்தக் குழந்தையையும் பார்த்து 'தவிட்டுக்கு வாங்கினது' என்று நாங்கள் சொல்லமாட்டோம். நீங்களும் சொல்லாதீர்கள்.