காந்தாரம் அடுத்து எங்கே போகும்?

கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால், பத்து வயதுப் பிள்ளைகள் பலர் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களில் சிலர் நாற்பதைத் தாண்டியபின் நாகஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை யூடியூபில் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். ‘வயசானா ரசனை முதிரும்’ என்று இதற்கொரு விளக்கம் உண்டு. வயதானவர்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம்! ஆய்வாளர்கள் சொல்லும் கதையில் முதிர்ச்சிக்கு அவ்வளவு பெரிய பங்கில்லை.

தோடியின் உயிர் அதன் காந்தாரம் என்ற ஸ்வரத்தில் இருக்கிறது. ஹார்மோனியத்தில் அந்தக் கட்டையை மட்டும் அழுத்தினால் தோடி வராது. பாடுபவர் அந்த ஸ்வரத்தை ஓரிடத்தில் நிறுத்துவதே அபூர்வம். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைத்துக்கொண்டே இருப்பார். பழகிய காதுக்கு அந்த அசைவுதான் காந்தாரம். பழகாத காதுக்கு ஸ்வரம் நிலைகொள்ளாமல் அலைவதுபோல் இருக்கும். ‘ஏன் இப்படி இழுத்துக்கிட்டே இருக்காங்க?’ என்று கேட்கத் தோன்றும்.

பாட்டுக் கேட்கும்போது மூளை அடுத்து வரப்போவதை ஊகித்தபடியே இருக்கிறது. எதிர்பார்ப்பும் அது தள்ளிப்போவதும்தான் இசை தரும் உணர்ச்சிக்கு ஊற்று என்று இசையியலாளர் லியோனார்ட் மேயர் 1956இலேயே எழுதினார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சாலிம்பூர், ராபர்ட் சட்டோரே குழுவினர், தங்களுக்கு மெய்சிலிர்ப்பைத் தரும் இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படம்பிடித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சிலிர்க்கும் கணத்தில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரந்தது. அதற்குச் சற்று முன்பு, ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருந்தபோதும் மூளையின் வேறொரு பகுதியில் சுரந்தது. வரப்போவது என்னவென்று ஓரளவு தெரிந்தவரால்தான் இப்படிக் காத்திருக்க முடியும். தெரியாதவருக்கு அரைமணி நேர ஆலாபனை வெறும் அரைமணி நேரம்.

காதுக்கு எது உறுத்தும் என்பதிலும் பழக்கத்துக்குப் பங்குண்டு. மேற்கத்தியக் காதுக்கு இனிக்கும் ஸ்வரச் சேர்க்கையையும் உறுத்தும் சேர்க்கையையும் மேற்கத்திய இசை அதிகம் பழகாத, பொலிவியக் காடுகளில் வாழும் சிமானே மக்கள் ஒரேபோல ரசித்ததாக 2016இல் ஓர் ஆய்வு வந்தது.

இந்தப் பழக்கத்துக்கு வாத்தியார் தேவையில்லை. அர்த்தமில்லாத சொற்களையும் சீன எழுத்து போன்ற வடிவங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினாலே போதும், அவற்றின்மேல் விருப்பம் கூடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் காட்டினார். நம்மூரில் அந்த வேலையைச் செய்தது சினிமா என்பேன். ‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ரீதிகௌளை. அந்தப் பெயரையே கேள்விப்படாமல் அந்த ராகத்தின் பிடிகளை ரேடியோவில் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டவர்கள் ஏராளம். பிற்பாடு கச்சேரியில் அதே பிடி விழும்போது தலை தானாக ஆடுகிறது. (பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து ஆட்டுகிறவர்கள் தனி ரகம்.)

அதற்காக நாள் முழுக்க ஒலிக்கவிட்டால் எல்லாம் பிடித்துவிடும் என்றும் இல்லை. ஓரளவுக்கு மேல் பழகினால் சலிப்பு வரும் என்பது உளவியலாளர் டேனியல் பெர்லைனின் கணக்கு: முழுக்கப் புதியதும் பிடிக்காது, முழுக்கத் தெரிந்ததும் பிடிக்காது. பதின்ம வயதில் கேட்ட பாட்டுகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அவற்றோடு அந்த வயதின் நினைவுகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

எந்த இசையுமே ருசிக்காத சிலரும் உண்டு. 2014இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் சோதித்த அப்படிப்பட்டவர்களுக்குக் காதும் சரியாகவே கேட்டது, பணம் ஜெயித்தால் மகிழ்ச்சியும் வந்தது. இசைக்கு மட்டும் எதுவும் நிகழவில்லை. அவர்களை டிசம்பர் சீசனுக்கு இழுத்துக்கொண்டு போனால் கேன்டீன் வேண்டுமானால் பிடிக்கலாம்.