கோழி மிதித்துக் குஞ்சு சாகாது... கொத்தினால்? புதுக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு சேர்ப்பது எப்படி?

`கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா?' என்று ஊரில் சொல்வார்கள். சாகாதுதான். ஆனால், மிதிப்பது அந்தக் குஞ்சின் தாயாக இருக்க வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது, ஒரே ராத்திரியில் மூன்று குஞ்சுகளைப் பறிகொடுத்த பிறகு.

வேலைக்குச் சேர்ந்து வந்த முதல் தீபாவளி அது. அம்மாவுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யோசித்தபோது, புடவையைவிட கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் ஏழு பெட்டைகளும் ஒரு சேவலும் உண்டு. முட்டை விற்ற காசு, அவசரத்துக்கு ஒரு சேவலை விற்ற காசு எல்லாம் அம்மாவின் சிறுவாடு. நான் டிப்ளமோ சேர்ந்தபோது கட்டிய முதல் ஃபீஸில் அந்தச் சிறுவாட்டுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் அந்த யோசனை.

வழியில் ஒரு பண்ணையில் ஒரு மாதக் குஞ்சுகள் 15 வாங்கி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்துப் போனேன். சாயங்காலம் கோழிகள் கூடு அடையும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். ``ராத்திரிக்கு மட்டும் தனியா பஞ்சாரத்துல போட்டு மூடுத்தா'' என்றார் அம்மா. ``எல்லாம் ஒரே இனம்தானம்மா, பழகிக்கும்'' என்று சொல்லிவிட்டு கூட்டுக்குள்ளேயே விட்டுவிட்டேன். காலையில் கூட்டைத் திறந்தால் மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. ஒன்றுக்கு உச்சந்தலையில் தோலே இல்லை.

அதோடு முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். குஞ்சுகளில் இன்னும் நான்கு போயின. கூடவே, அந்த வீட்டிலேயே அதிகம் முட்டையிட்ட செவலைப் பெட்டையும் போய்விட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. போனில் ``செவலையும் போயிருச்சுத்தா'' என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த முறை குஞ்சு வாங்க அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஊர்ப் பெரியம்மாக்கள், எங்கள் பக்கத்து கால்நடை மருந்தகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இரண்டாம் முறை செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கோழிகளுக்குள் இருக்கும் வரிசை

எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு இரை போடும்போது கவனித்தால் தெரியும். கருப்பி வந்தால் மற்றவை ஒதுங்கும். கருப்பி இல்லாதபோது செவலை. கடைசியில் நிற்கும் சாம்பலை எல்லோரும் கொத்தலாம். அது யாரையும் கொத்தாது. நார்வேயைச் சேர்ந்த ஷெல்டரப் எபே என்பவர் சின்ன வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்து, இந்த வரிசையை 1921-ல் தன் ஆய்வில் எழுதினார். ஆபீஸ்களில் இன்று `பெக்கிங் ஆர்டர்' என்று பேசுகிறோமே, அது கோழிக்கூட்டிலிருந்து வந்ததுதான்.

தலையையும் கொண்டையையும் பார்த்தே கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. அறிமுகமில்லாத முகம் வந்தால் அதன் இடம் எது என்று கொத்தித்தான் தீர்மானிக்கும். பகலில், திறந்த வெளியில் என்றால் தோற்றது ஓடிவிடும், சண்டை முடிந்தது. நான் விட்டது இருட்டும் நேரத்தில், ஓட வழியில்லாத கூட்டுக்குள். அதுவும் ஒரு மாதக் குஞ்சுகளை.

அம்மா இருக்கும் குஞ்சு, அம்மா இல்லாத குஞ்சு

இரண்டாம் முறை, தை கடைசியில் 12 குஞ்சுகள் வாங்கினோம். இந்த முறை பொரித்து ஒரு நாள் ஆனவை. ஐப்பசி அடைமழையில் குஞ்சு வாங்கியதே முதல் தவறு என்று மருந்தகத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஈரத்தில் குஞ்சு பிழைப்பது கஷ்டம்.

அப்போது கருப்பி ஒன்பது முட்டைகளில் அடையிலிருந்தது. கோழி முட்டை பொரிய 21 நாள். நாள் ஆகியும் மூன்றுதான் பொரிந்தன. மீதி ஆறும் கூமுட்டை. அம்மா ஒரு காரியம் செய்தார். ராத்திரி விளக்கு போடாமல் போய், கூமுட்டைகளை எடுத்துவிட்டு, வாங்கிவந்த குஞ்சுகளில் ஐந்தை ஒவ்வொன்றாகக் கருப்பியின் வயிற்றுக்கு அடியில் நுழைத்தார். கருப்பி லேசாக முனகிவிட்டு இறக்கையை அகட்டிக்கொண்டது. விடிந்ததும் எட்டும் அதன் பிள்ளைகள்தான். எண்ணத் தெரியாத அம்மா என்று சிரித்தோம்.

இது எப்போதும் நடக்கும் என்று சொல்ல முடியாது. கோழி நாள் கணக்கில் அடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குஞ்சு ஓரிரு நாள் வயதுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அதுவே கோழியிடம் ஒட்டாது. மறுநாள் காலையில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு குஞ்சைக் கோழி கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். ``பன்னெண்டையும் வச்சிருக்கலாமே'' என்றேன். ``ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆனா அம்புட்டும் போயிரும்'' என்றார் அம்மா. ஒருமுறை சூடுபட்டவர்.

மீதி ஏழு குஞ்சுகள் பல்புக்குக் கீழே வளர்ந்தன. இங்கே நிறைய பேர் ஏமாறுவது எல்.இ.டி பல்பில். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். அட்டையை வட்டமாக வளைத்து, உமியை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி, நடுவில் 60 வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டோம். முதல் வாரம் குஞ்சுகளுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவுக்குக் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சுகளே சொல்லும். பல்புக்குக் கீழே குமிந்தால் குளிர்கிறது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டு வையுங்கள். இல்லையென்றால் குஞ்சு அதில் விழுந்து நனைந்தே செத்துப்போகும்.

வெயிலும் மண்ணும்

கருப்பி தன் எட்டையும் பொரித்த சில நாள்களிலேயே வெளியே கூட்டிவந்துவிட்டது. பல்புக் குஞ்சுகளை நாங்கள் இரண்டு வாரம் முடிந்த பிறகுதான் எடுத்து வந்தோம். மழையில்லாத நாளில், வெயில் ஏறியதும் ஒரு மணி நேரம் பஞ்சாரத்துக்குள் விட்டோம். பஞ்சாரத்தின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருக்க வேண்டும். தினமும் இடத்தை மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்து, அதில் ஈரமும் சேர்ந்தால் ரத்தக்கழிச்சல் வரும். காய்ந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் குஞ்சுக்கு அதைத் தாங்கும் சக்தியும் வந்துவிடுகிறது. நான்காவது வாரத்தில் பகல் முழுக்க வெளியில், ராத்திரி மட்டும் உள்ளே என்று ஆனது. ஆறாவது வாரம் இறகு முழுசாக முளைத்ததும் பல்பை நிறுத்தினோம்.

பஞ்சாரத்துக்கு வெளியே விடும்போது மேலே பார்க்க வேண்டும். பருந்து வட்டமிட்டால் கருப்பி ஒரு குரல் கொடுக்கும். எட்டும் இறக்கைக்கடியிலோ வேலிக்கடியிலோ மறைந்துவிடும். பல்புக் குஞ்சுகளுக்கு அந்தக் குரல் கொடுக்க ஆளில்லை. நாங்கள் பழைய மீன் வலையை வாங்கி நான்கு கழிகளில் கட்டினோம்.

தீனிக்குக் குருணையும் உடைத்த கம்பும் கொடுத்தோம். கொஞ்ச நாள் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லிக் கொடுத்த கரையான் பானைதான் பெரிய ஹிட். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம் எல்லாம் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், காலையில் பானைக்குள் கரையான் அப்பியிருக்கும். தட்டினால் போதும், குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்னும்.

பார்க்கலாம், தொடக் கூடாது

சேர்ப்பதற்கு முன்னால் தடுப்பூசியைப் பேசிவிடுகிறேன். எங்கள் செவலையைக் கொண்டுபோனது வெள்ளைக்கழிச்சல். ராணிகேட் என்ற பெயரில் மருந்துக்கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டுமே முடியும். பொதுவாக முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரம் குடிதண்ணீரில் ஒருமுறை, எட்டாவது வாரம் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. நாள் கணக்கை உங்கள் கால்நடை மருந்தகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கோழிக்கழிச்சலுக்கான இலவசத் தடுப்பூசி முகாம்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் கிராமங்களில் நடக்கின்றன. எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது, நாங்கள்தான் கண்டுகொள்ளாமல் இருந்தோம். வெளியிலிருந்து வாங்கிவரும் குஞ்சுகளை இரண்டு மூன்று வாரமாவது தனியாக வைப்பதும் இதற்காகத்தான். பார்க்க நன்றாக இருக்கும் கோழியும் நோயைச் சுமந்து வரலாம்.

கருப்பியின் எட்டும் கூட்டத்தோடு சேர்ந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. மற்ற பெட்டைகள் பக்கத்தில் வந்தால் கருப்பி கழுத்திறகைச் சிலுப்பிக்கொண்டு பாயும். சேவல்கூட ஒதுங்கிப் போனது. அந்தப் பாதுகாப்புக்குள்ளேயே குஞ்சுகளுக்கு மற்றவர்களைத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கும் குஞ்சுகளைத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதம் ஆகும் சமயத்தில் கருப்பியே அவற்றைக் கொத்தி விரட்ட ஆரம்பித்தது. ``பிரிச்சு விட்டுருச்சு'' என்றார் அம்மா. அதற்குள் அவை வரிசையின் கடைசியில் தங்கள் இடத்தைப் பிடித்திருந்தன.

கருப்பி செய்ததை மீதி ஏழுக்கு நாங்கள் செய்ய வேண்டியிருந்தது. ஊசி போட்டு இரண்டு வாரம் விட்டு, கோழிகள் மேயும் இடத்திலேயே கம்பி வலைத் தடுப்பு கட்டி ஏழையும் உள்ளே விட்டோம். பார்க்கலாம், கொத்த முடியாது. வலையின் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி இரை தூவினார் அம்மா. முதல் நாள் சாம்பல்தான் வந்து வலையைக் கொத்தியது. எல்லோரிடமும் கொத்து வாங்கும் சாம்பல்! தனக்குக் கீழே ஆள் கிடைத்த உற்சாகம் போல. பத்து நாளில் சுவாரஸ்யம் போய், அவை பாட்டுக்கு மேய ஆரம்பித்தன.

அதன் பிறகு ஒருநாள், கோழிகள் வயிறு நிறைய மேய்ந்திருந்த பிற்பகலில் வலையை எடுத்தோம். ஏழையும் ஒன்றாகத்தான் விட்டோம். ஒன்று மட்டும் தனியாகப் போனால் எல்லாக் கொத்தும் அதற்குத்தான். இரையை நான்கைந்து இடத்தில் வைத்தோம், தண்ணீர் மூன்று இடத்தில். பஞ்சாரத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம்; சின்னது நுழையலாம், பெரிசு நுழைய முடியாது. இது அம்மாவின் ஐடியா. முதல் ஒரு மணி நேரத்தில் ஏழும் அதற்குள் எத்தனை முறை ஓடின என்று எண்ணவே முடியவில்லை.

கொத்துவதும் துரத்துவதும் இருக்கத்தான் செய்யும். அதற்குப் பயந்து பிரித்துப் பிரித்து எடுத்தால் வரிசை முடிவாகாது, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் ரத்தம் தெரிந்தால் கை வைத்தே ஆக வேண்டும். சிவப்பைப் பார்த்தால் மற்றவையும் அங்கேயே கொத்தும். எங்கள் ஏழில் ஒன்றுக்குக் கொண்டையில் அடி. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, நான்கு நாள் வலைக்குள் வைத்து, காய்ந்த பிறகு விட்டோம்.

ஒரு வாரம் பகலில் சேர்ந்து மேய்ந்த பிறகுதான் கூடு. பெரியவை ஏறி அடைந்து இருட்டிய பிறகு, ஏழையும் தூக்கிக் கம்பில் வைத்தோம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. ஆனால் விடியற்காலையில் தெரியுமே! அதனால் முதல் மூன்று நாள் அம்மா ஐந்தரைக்கே எழுந்து கூட்டைத் திறந்துவிட்டார்.

முட்டைக்கோழித் தீவனம் கொடுப்பவர்களுக்கு ஒன்று. அதில் கால்சியம் அதிகம். வளரும் கோழியின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். எல்லாம் ஒன்றாக மேயும் காலத்தில் வளரும் கோழித் தீவனத்தையே பொதுவாகக் கொடுத்துவிட்டு, முட்டையிடுபவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம்.

ஏழில் ஆறு நின்றன. ஒன்றைக் கீரி பிடித்துவிட்டது. அது சேர்த்ததன் தவறில்லை, கதவைச் சரியாகச் சாத்தாதது. கருப்பியின் எட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் மூன்று சேவல், இப்போதே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பொங்கலுக்குள் இரண்டை விற்றுவிட வேண்டும் என்கிறார் அம்மா.

இந்தத் தீபாவளிக்கு என்ன வாங்கி வரட்டும் என்று போனில் கேட்டேன். ``குஞ்சு மட்டும் வேணாம்'' என்றார். கருப்பி மறுபடி 11 முட்டைகளில் அடையிலிருக்கிறது. பொரிய இன்னும் ஒன்பது நாள்.