காணாமல் போன தகடூர்க் கதை
அரசனைப் பற்றிய நூல் எங்கே?

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் செல்லும் ரெயில் பாதையில் மொரப்பூர் இருக்கிறது. தர்மபுரிக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி மேற்கே செல்வார்கள். 1906-ம் ஆண்டு மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரெயில் விட்டார்கள். பிறகு அது ஓசூர் வரை போயிற்று. 1941-ல் அந்தப் பாதை மூடப்பட்டது. தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள்.

ரெயில் போனது எல்லோருக்கும் தெரியும். இந்தச் சீமையில் ஒரு புத்தகமே காணாமல் போயிருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

அந்தப் புத்தகத்தின் பெயர் "தகடூர் யாத்திரை". தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர்.

நெல்லிக்கனி கொடுத்தவன்

தகடூரை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்தானே, அந்த அதியமான்தான். அவனுக்காக அவ்வையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்றார். ஒரு பெண், அதுவும் புலவர், போரை நிறுத்தத் தூது போனார் என்பது சின்னச் செய்தி அல்ல.

இது வெறும் கட்டுக்கதை என்று சொல்வதற்கில்லை. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊர். அங்கே குகைப் பாறையில் பழைய தமிழ் எழுத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் வெட்டப்பட்டிருப்பதை 1981-ல் கண்டுபிடித்தார்கள்.

அதியமான் குடியின் மீது சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்தான். தகடூர்க் கோட்டை விழுந்தது. அந்தப் போரின் கதைதான் தகடூர் யாத்திரை. உரைநடையும் பாட்டும் கலந்து எழுதப்பட்டது என்று பழைய உரையாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் நூல் கையில் இருந்தது. இன்று இல்லை! "புறத்திரட்டு" என்ற தொகுப்பு நூலில் நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வீடு இடிந்து, நாலு தூண் நிற்பதுபோல!

ஜெயித்தவன் பக்கம்

ஜெயித்த சேரனைப் பாடிய புலவர் அரிசில் கிழார். அந்தப் பாட்டுகள் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தாக இருக்கின்றன. மன்னன் ஒன்பது நூறாயிரம் பொற்காசும் தன் சிம்மாசனமும் கொடுத்தானாம். புலவர் அரசு வேண்டாம் என்று சொல்லி, அமைச்சர் பதவியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

அதே அரிசில் கிழார், தகடூர்ப் போரில் மாண்ட எழினிக்காகவும் அழுதிருக்கிறார். அது புறநானூற்றில் உள்ளது. எழினியின் உயிரைக் கொண்டுபோன எமனை அவர் ஏசுகிறார். பஞ்சத்தில் விதை நெல்லையே தின்றுவிட்ட குடியானவனைப்போல நீ புத்தி கெட்டவன் என்கிறார். புன்செய்க் காட்டில் பாடுபடும் மொரப்பூர்க்காரருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

ஜெயித்தவனைப் புகழ்ந்தவரே தோற்றவனுக்காகவும் அழுதார் என்றால், முழுக் கதையில் இன்னும் என்னென்ன இருந்திருக்கும்? கோட்டைக்குள்ளே இருந்தவர்கள் என்ன பேசினார்கள்? அதைச் சொல்லும் ஏடுதான் போய்விட்டது.

கடலுக்கு அப்பால் ஒரு ராட்சதன்

வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள மலைநாடு. அந்த மக்களுக்குத் தனி மொழி உண்டு. அவர்களுடைய பழங்கதை ஒன்று.

பிரான் என்று ஒரு ராட்சத அரசன். எந்த வீடும் அவனைக் கொள்ளாது. அவன் தங்கை பிரான்வென். அவளை அயர்லாந்து மன்னனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் அவளை அடுப்படியில் தள்ளி, அடித்து வேலை வாங்கினார்கள். அவள் என்ன செய்தாள்? மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தில் ஒரு மைனாவை வளர்த்தாள். அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள். மூன்று வருஷம் கழித்து அதன் சிறகில் கடிதம் கட்டி அண்ணனிடம் அனுப்பினாள்! அண்ணன் கடலில் நடந்தே வந்தான். பெரிய யுத்தம் நடந்தது. அவன் பக்கத்தில் ஊர் திரும்பிய ஆண்கள் ஏழே பேர். பிரான்வென் மனம் உடைந்து செத்தாள்.

இக்கதைகள் தோலில் எழுதிய இரண்டு பழைய ஏடுகளால் பிழைத்தன. ஒன்று வெள்ளைப் புத்தகம், மற்றது சிவப்புப் புத்தகம். இரண்டும் எரிந்திருந்தால் கதையும் போயிருக்கும்.

அவற்றை உலகறியச் செய்தவர் சார்லட் கெஸ்ட் என்ற சீமாட்டி. இரும்பாலை முதலாளியின் மனைவி, பத்துப் பிள்ளைகளுக்குத் தாய். பிறப்பால் இங்கிலாந்துக்காரர். வேல்ஸ் மொழியைக் கற்று, 1838 முதல் இக்கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். வேல்ஸ் புலவர்கள் துணை நின்றார்கள். அந்தத் தொகுப்புக்கு "மாபினோகியன்" என்று பெயர்.

அதே நாளில் இன்னொரு சீமாட்டியும் மொழிபெயர்த்தார். அவர் ஏடா லவ்லேஸ். அவர் எடுத்துக்கொண்டதோ ஒரு கணக்கு இயந்திரத்தைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை! 1843-ல் வெளிவந்தது. கட்டுரையைப்போல மூன்று மடங்கு நீளத்துக்குத் தாமே குறிப்புகள் சேர்த்தார். எண்ணை மட்டும் அல்ல, சங்கீதத்தைக்கூட அப்படிப்பட்ட இயந்திரம் கையாளலாம் என்றார். அந்த இயந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை. நூறு ஆண்டுக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. 1946-ல் அமெரிக்காவில் காட்டப்பட்ட "எனியாக்" இயந்திரத்துக்குக் கணக்குப் போடும் வழியை அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். வெற்றி விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை!

பரணில் கிடப்பது என்ன?

தமிழ் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் உ. வே. சாமிநாதையர். 1894-ல் புறநானூற்றை அச்சிட்டார். நானூறு பாட்டில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவே இல்லை. 1904-ல் பதிற்றுப்பத்தைக் கொண்டுவந்தார். அதில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி 1959-ல் "மறைந்துபோன தமிழ் நூல்கள்" என்றே ஒரு புத்தகம் எழுதினார். தகடூர் யாத்திரை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஏடுகள் எப்படிப் போயின? கரையான் தின்றது பாதி. ஆற்றில் விட்டதும் அடுப்பில் இட்டதும் மீதி. படிக்கத் தெரியாத வீட்டில், பாட்டன் கையெழுத்து வெறும் ஓலைதானே!

இப்போது புறநானூற்றை மொரப்பூர் ரெயில் மேடையில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே படித்துவிடலாம். மதுரைத் திட்டம் என்ற பெயரில் 1998 முதல் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறார்கள். ஆனால் ஓலை கிடைத்தால்தானே ஏற்ற முடியும்?

பழைய பரணில் சுவடிக் கட்டு கிடந்தால் கயிற்றை அவசரப்பட்டு அவிழ்க்க வேண்டாம். ஓலை பொடியாகிவிடும். ஈரம் படாமல் துணியில் சுற்றி வைக்கவேண்டும். ஓலையைப் படித்துச் சொல்லவும் பாதுகாக்கவும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், உ. வே. சா. நூலகமும், தஞ்சையில் சரசுவதி மகாலும் இருக்கின்றன. அது சோதிடமாகவோ வைத்தியமாகவோ இருக்கலாம். நிலக்கணக்காகவும் இருக்கலாம். தகடூர்க் கதையாக இருக்காது என்று பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.