‘யாரும் யாரையும் கொல்ல வேண்டாம்’: பால்டிமோர் மக்கள் கேட்ட 72 மணித்தியாலங்கள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து சுமார் 40 மைல் தொலைவில் அமைந்துள்ள பால்டிமோர், மேரிலன்ட் மாநிலத்தின் மிகப்பெரிய நகரமாகும். உலகப் புகழ்பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் அங்குதான் உள்ளன. ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்களைக் கொண்ட இந்தத் துறைமுக நகரில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 340க்கும் அதிகமானோர் கொலை செய்யப்பட்டனர். அதே ஆண்டில் 85 இலட்சம் மக்கள் வாழும் நியூயோர்க் நகரில் இடம்பெற்ற கொலைகளின் எண்ணிக்கை 300க்கும் குறைவாகும். கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கான கறுப்பின ஆண்கள். அவர்களிலும் இளைஞர்களே அதிகம்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில், காலம் முழுவதும் அங்கேயே வாழ்ந்த சாதாரண மக்கள் சிலர் ஒன்றுகூடி விசித்திரமான வேண்டுகோள் ஒன்றை முன்வைத்தனர். ஓகஸ்ட் 4ஆம் திகதி வெள்ளிக்கிழமை தொடக்கம் 6ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வரையிலான 72 மணித்தியாலங்களுக்கு இந்நகரில் யாரும் யாரையும் கொல்ல வேண்டாம் என்பதே அது. அவர்களிடம் அதிகாரம் இருக்கவில்லை. வேண்டுகோளை மீறுவோரைத் தண்டிக்கும் வல்லமையும் இருக்கவில்லை. அவ்வாறானதொரு கோரிக்கையினால் என்ன பயன் விளையும் என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை காண்பதற்கு முன்னர் அந்நகரம் எவ்வாறு அந்நிலைக்கு வந்தது என்பதைச் சற்று நோக்குவது அவசியமாகும்.

கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் வெவ்வேறு தெருக்களில்தான் குடியிருக்க வேண்டுமென 1910இல் சட்டம் இயற்றிய நகரம் பால்டிமோர். அமெரிக்காவில் அத்தகைய நகரச் சட்டத்தை முதன்முதலில் கொண்டுவந்ததும் அதுவே. 1917இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அவ்வாறான சட்டங்கள் செல்லாதெனத் தீர்ப்பளித்த பின்னரும், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வங்கிகள் வீட்டுக் கடன் வழங்க மறுத்ததன் மூலம் அந்தப் பிரிவினை வேறு வடிவில் நீடித்தது. 1950இல் ஒன்பதரை இலட்சமாக இருந்த சனத்தொகை பின்னர் மூன்றிலொரு பங்குக்கும் மேல் வீழ்ச்சியடைந்தது. ஒரு காலத்தில் சுமார் 30,000 பேருக்குத் தொழில் வழங்கிய ஸ்பரோஸ் பொயின்ட் உருக்காலை 2012இல் இழுத்து மூடப்பட்டது. மக்கள் கைவிட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான வீடுகள் பலகை அறையப்பட்டுக் கிடந்தன. அத்தெருக்களில் வளர்ந்த இளைஞர்களுக்கு எளிதில் கிட்டிய தொழில் போதைப்பொருள் விற்பனையாகவே இருந்தது.

இந்த நோய்க்கு நகர நிர்வாகம் தெரிவு செய்த மருந்து கைதுகள். ‘பூச்சிய சகிப்புத்தன்மை’ என்ற பெயரில் முன்னெடுக்கப்பட்ட பொலிஸ் கொள்கையின் விளைவாக, 2005ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கைதுகள் இடம்பெற்றன. ஆறரை இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நகரில் ஒரே ஆண்டில் இத்தனை கைதுகள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க நீதித் திணைக்களம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில், ஐம்பது வயதைக் கடந்த கறுப்பினத்தவர் ஒருவர் நான்கு வருடங்களுக்கும் குறைவான காலத்தில் 30 தடவைகள் பொலிஸாரால் வழிமறிக்கப்பட்டார் எனவும், ஒரு தடவையேனும் அவர் மீது குற்றம் சுமத்தப்படவில்லை எனவும் சுட்டிக்காட்டப்பட்டது. வீதியில் மறித்துச் சோதிக்கப்படுவதன் அவமானம் எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

2015 ஏப்ரலில் பிரெடி கிரே என்ற 25 வயது இளைஞர் பொலிஸ் வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்டபோது முள்ளந்தண்டில் படுகாயமடைந்து, ஒரு வாரத்தின் பின் உயிரிழந்தார். இறுதிக்கிரியை நடைபெற்ற தினத்தில் நகரில் கலவரம் மூண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பொலிஸ் உத்தியோகத்தர்களில் எவரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை. அந்த ஆண்டிலேயே கொலைகளின் எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. அதன் பின்னர் 2022 வரை எட்டு வருடங்கள் அது 300க்குக் கீழ் இறங்கவில்லை. 2017 மார்ச்சில், சட்டவிரோதத் துப்பாக்கிகளைக் கைப்பற்றுவதற்கென அமைக்கப்பட்ட விசேட பொலிஸ் அணியினரே பொதுமக்களிடம் கொள்ளையடித்தனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் கைதாகினர். கொலை நடந்தால் சாட்சி சொல்ல எவரும் முன்வராததிலும், பல ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட கொலைகள் துலக்கப்படாது போனதிலும் வியப்பதற்கு ஏதுமில்லை. நீதிமன்றத்தில் கிடைக்காத நீதியைக் கொல்லப்பட்டவரின் நண்பர்கள் தெருவில் தேடினர். ஒரு கொலை இன்னொன்றுக்குக் காரணமாகியது.

பொலிஸையும் நம்ப முடியாது, துப்பாக்கிக்காரரையும் தடுக்க முடியாது என்ற இந்த இடுக்கில்தான் மக்கள் இயக்கங்கள் தோன்றின. 2013இல் முனீர் பஹார் என்பவர் ஆரம்பித்த ‘300 ஆண்கள் நடைபவனி’ அவற்றுள் ஒன்று. தமது தெருக்களின் பாதுகாப்புக்கு ஆண்களே பொறுப்பேற்க வேண்டும் என்று கூறி அவர்கள் இரவு வேளைகளில் நகரின் வீதிகளில் நடந்தனர். 2017இன் 72 மணித்தியால முயற்சிக்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் எரிக்கா பிரிட்ஜ்போர்ட். பிணக்குகளை இணக்கத்துக்குக் கொண்டுவரும் மத்தியஸ்தப் பணியையே தொழிலாகக் கொண்ட பெண்மணி அவர். 2007இல் அவரது சகோதரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே, பிறர் துயரத்துக்கு ஆறுதல் சொல்ல வெளியிலிருந்து வந்தவராக அவரை எவரும் கருதவில்லை.

தமது முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சீஸ்பயர்’, அதாவது யுத்தநிறுத்தம். இச்சொல் எமது காதில் விழும்போது வேறொரு சித்திரமே மனதில் எழுகின்றது. 2002 பெப்ரவரியில் இரு தரப்புகள் கைச்சாத்திட்ட ஆவணம், வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழு, மீறல்களின் நீண்ட பட்டியல், 2008 ஜனவரியில் அதன் முடிவு என அது விரியும். பால்டிமோரில் கைச்சாத்திடுவதற்குத் தரப்புகளே இருக்கவில்லை. அங்குள்ள துப்பாக்கிகள் ஒரு தலைமையின் கட்டளைக்குப் பணிபவையல்ல. சந்திக்குச் சந்தி சிறு குழுக்களிடமும் தனிநபர்களிடமும் சிதறிக் கிடப்பவை. எனவே பேச்சுவார்த்தைக்கு அழைப்பதற்குப் பதிலாக, நகரிலுள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்பதைத் தவிர ஏற்பாட்டாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவ்வாறே கேட்டார்கள். சுவரொட்டிகளும் துண்டுப்பிரசுரங்களும் அச்சிடப்பட்டன. முடிதிருத்தும் நிலையங்களுக்கும் கடைகளுக்கும் போதைப்பொருள் விற்கப்படும் சந்திகளுக்கும் சென்று அவற்றை நேரில் கொடுத்தார்கள். யாரையும் குற்றவாளியென்று விளிக்கவில்லை. இந்த வார இறுதியில் கோபம் வந்தால் என்ன செய்வதென்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள் என்று கூறினார்கள். தொழில் தேவையா, போதைப் பழக்கத்திலிருந்து விடுபடச் சிகிச்சை தேவையா என்று விசாரித்தார்கள். அதேவேளை, அந்த மூன்று நாட்களிலும் உயிரைக் கொண்டாடும் நிகழ்வொன்றைத் தத்தமது பகுதியில் நடத்துமாறு நகர மக்கள் அனைவரும் அழைக்கப்பட்டனர். பொது விருந்து, கூடைப்பந்தாட்டம், பிரார்த்தனை, இசை என நகரெங்கும் நிகழ்வுகள் இடம்பெற்றன. எந்தவொரு அமைப்பும் இதற்கு உரிமை கோரவில்லை. கொலை நடக்கக்கூடிய தெருவில் மக்கள் திரண்டிருந்தால் அங்கே கொலை நடப்பது கடினம் என்பது எளிய உண்மை. எளியதென்பதாலேயே அதனை அதிகாரிகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

ஆயினும் ஞாயிறு முடிவதற்குள் இருவர் கொல்லப்பட்டனர். முயற்சி தோல்வியடைந்தது என்று அத்துடன் செய்தியாளர்கள் எழுதி முடித்திருக்கலாம். சிலர் அவ்வாறே எழுதவும் செய்தனர். ஆனால், ஏற்பாட்டாளர்கள் அந்த இருவரும் வீழ்ந்த இடங்களுக்கே சென்றனர். அந்நிலத்தில் நின்று இறந்தவர்களின் பெயரைச் சொல்லி அஞ்சலி செலுத்தினர். பின்னர் இது வழமையாகியது. கொலை நடந்த இடங்களுக்கு அவர்கள் நேரில் செல்வதும், மஞ்சள் நாடா அகற்றப்பட்ட பின் எல்லோராலும் மறக்கப்படும் அந்த மண்ணை மீண்டும் புனிதமான இடமாகக் கருதி வணங்குவதும் தொடர்ந்தது. எமது பார்வையில், இந்த இயக்கத்தின் உயிர்நாடி யுத்தநிறுத்தத்தைக் காட்டிலும் இந்தச் செயலிலேயே தங்கியிருந்தது. ஆண்டுக்கு 340 என்று எழுதும்போது எவரும் அழுவதில்லை. பத்திரிகைகளாகிய நாமும் இக்குற்றத்திலிருந்து தப்பியவர்களல்லர். ‘அடையாளம் தெரியாதோரால் சுட்டுக்கொலை’ என்று எத்தனை ஆயிரம் தடவை அச்சிட்டிருப்போம்!

வார இறுதி யுத்தநிறுத்தம் மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை தொடர்ந்தது. 2018 பெப்ரவரியில் இடம்பெற்ற வார இறுதியில் ஒரு கொலையும் நிகழவில்லை. அதனைத் தொடர்ந்தும் ஒரு வாரத்துக்கும் மேலாக நகரில் எவரும் கொல்லப்படவில்லை. பின்னர் வந்த வார இறுதிகள் எல்லாமே அவ்வாறு அமைந்துவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மூன்று நாட்களுக்குக் கொல்லாதே என்று சொல்வது, மற்ற நாட்களில் கொல்லலாம் என்று சொல்வதாகாதா என்பது ஆரம்பத்திலிருந்தே எழுந்த விமர்சனம். இயக்கத்தின் பெயரில் ‘365’ என்ற இலக்கத்தை இணைத்தமை அதற்கான ஒரு பதில். மற்றொரு பதில் ஆய்வின் வழி கிடைத்தது. 2020இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்விதழில் வெளியான கட்டுரையொன்று, யுத்தநிறுத்த வார இறுதிகளில் துப்பாக்கி வன்முறை சுமார் 52 சதவீதத்தால் குறைந்தது என மதிப்பிட்டது. அடுத்து வந்த நாட்களில் அது ஈடுசெய்யப்பட்டதற்கு, அதாவது ஒத்திவைக்கப்பட்ட பழிவாங்கல்கள் பின்னர் நிறைவேற்றப்பட்டமைக்கு, ஆதாரம் காணப்படவில்லை. இக்கட்டுரையை எழுதியோரில் பிரிட்ஜ்போர்ட்டும் ஒருவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஆத்திரத்தில் எடுக்கப்படும் துப்பாக்கியைப் பொறுத்தவரை, தள்ளிப்போடப்பட்ட கொலை பல வேளைகளில் நடவாமலே போய்விடுகின்றது என்ற முடிவு சிந்திக்கத்தக்கது.

ஆனால், வருட மொத்தத்தைப் பார்த்தால் வேறு உண்மை தெரிகின்றது. 2019இல் 348 பேர் கொல்லப்பட்டனர். வருடத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் பாதியாகக் குறைந்தாலும் எஞ்சிய நாட்கள் அப்படியே இருந்தன. அந்த நாட்களில் தெருவில் நின்றவர்கள் ‘சேப் ஸ்ட்ரீட்ஸ்’ என்னும் திட்டத்தின் பணியாளர்கள். காசநோய், கொலரா போன்ற தொற்றுநோய்களை எதிர்த்துப் பணியாற்றிய வைத்தியர் கெரி ஸ்லட்கின், வன்முறையும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே எனக் கருதி சிக்காகோவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய முறையைப் பின்பற்றி, இத்திட்டம் பால்டிமோரில் 2007இல் ஆரம்பமானது. சிறை சென்று மீண்டவர்களும் முன்னர் அதே சந்திகளில் நின்றவர்களுமே இதன் பணியாளர்கள். யாருக்கும் யாருக்கும் பகை முற்றுகின்றது என்பது பொலிஸாருக்கு முன்னரே இவர்களுக்குத் தெரிந்துவிடும். இடையில் புகுந்து பேசித் தணிப்பார்கள், ஆயுதம் ஏந்தமாட்டார்கள், பொலிஸாருக்குத் தகவல் கொடுக்கவும் மாட்டார்கள், கொடுத்தால் அன்றோடு தெரு அவர்களை நம்பாது.

இதற்குச் செலுத்தப்பட்ட விலை சிறிதல்ல. அத்திட்டத்தின் முகமாகவே அறியப்பட்ட டன்டே பார்க்ஸ்டேல் 2021 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சுமார் ஓராண்டு காலத்தில் மேலும் இரு பணியாளர்கள் கொல்லப்பட்டனர். ஆய்வுகளும் எல்லாப் பகுதிகளிலும் ஒரே மாதிரியான பலனைக் காட்டவில்லை. சில இடங்களில் கொலைகள் தெளிவாகக் குறைந்தன, சில இடங்களில் மாற்றமில்லை.

2020 டிசம்பரில் மேயராகப் பதவியேற்ற பிரன்டன் ஸ்கொட், வன்முறைத் தடுப்புக்கெனத் தனியான அலுவலகம் ஒன்றை அமைத்து, மத்திய அரசின் கொவிட் நிவாரண நிதியிலிருந்து 5 கோடி டொலரை அதற்கு ஒதுக்கினார். 2022 ஜனவரியில் நகரின் மேற்குப் பொலிஸ் பிரிவில் புதிய உபாயமொன்று ஆரம்பமானது. சுடுவதற்கோ சுடப்படுவதற்கோ சாத்தியமுள்ள சிலரை இனங்கண்டு, நேரில் சந்தித்து, தொழிலும் தங்குமிடமும் உளவள ஆலோசனையும் வழங்க முன்வருவது. மறுத்துத் தொடர்ந்து சுடுவோர் மீது மாத்திரம் சட்டத்தைப் பாய்ச்சுவது. 1990களில் பொஸ்டனில் பயன்பட்ட இம்முறையை பால்டிமோர் முன்னரும் முயன்று, இடைநடுவில் கைவிட்டிருந்தது. இம்முறை கைவிடவில்லை. 2023இல் கொலைகள் 263ஆகவும் 2024இல் 201ஆகவும் குறைந்தன. 2025இல் அது மேலும் வீழ்ச்சியடைந்தது.

இந்த வீழ்ச்சிக்கு யார் உரிமை கோரலாம்? மேயர் கோருகின்றார், பொலிஸ் கோருகின்றது, அரச வழக்குத்தொடுநரும் கோருகின்றார். அதே காலத்தில் அமெரிக்காவெங்கும் கொலைகள் குறைந்தன என்பதும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். ஒரு வார இறுதியில் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர்களால் 348 என்ற எண் 201ஆகியது என்று நாம் எழுதினால் அது மிகைப்படுத்தலாகும். ஆனால், சுடக்கூடியவனையும் மனிதனாக விளித்துக் கேட்கலாம், கேட்டால் சிலர் செவிமடுப்பர் என்பதை அரச அலுவலகம் அமைவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே அவர்கள் செய்து காட்டியிருந்தனர். அரசின் திட்டம் சந்தித்துப் பேசச் சென்றபோது, அவ்வாறான பேச்சு அத்தெருக்களுக்குப் புதியதாக இருக்கவில்லை.

2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித் திணைக்களம், நாடெங்கும் சமூக மட்ட வன்முறைத் தடுப்புக்காக வழங்கப்பட்டிருந்த பல கோடி டொலர் பெறுமதியான மானியங்களை இரத்துச் செய்தது. கொலைகள் குறைந்துவிட்டன என்பதே செலவைக் குறைப்பதற்கான நியாயமாகவும் ஆகிவிடும் அபாயம் இதில் உண்டு. எரிக்கா பிரிட்ஜ்போர்ட்டின் இயக்கம் மானியங்களால் பிறந்ததல்ல. அது பின்னாளில் தன் பெயரை ‘பால்டிமோர் சமாதான இயக்கம்’ என மாற்றிக்கொண்டது. யுத்தநிறுத்த வார இறுதிகள் ‘சமாதான வாக்குறுதி’ வார இறுதிகளாகின.