உணவின் காவல் சீட்டுகள் – 7: கவுச்சியும் கடலாழமும்

கடல்மீன் கெடத் தொடங்கியதை மூக்குக்கு அறிவிக்கும் பொருள்களுள் முதன்மையானது டிரைமெத்தில் அமீன் என்னும், எளிதில் ஆவியாகும் காரப்பொருள்; மீன் பொட்டலத்தின் உட்புறம் ஒட்டப்பட்டு நிறமாற்றத்தால் எச்சரிக்கும் சீட்டும் பெரும்பாலும் இதையே தேடுகிறது. காலத்தையும் வெப்பத்தையும் மட்டும் கூட்டிக் காட்டும் சீட்டுகள் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டுவிட்டன. அவை உணவைத் தொடாமல் அது கடந்துவந்த சூழலை மட்டும் அளப்பவை என்பது நினைவிருந்தால் போதும். ஆவியை உணரும் சீட்டுகளின் விலையும், அவை இன்னும் கடைகளில் பரவாததன் காரணமும் இந்த இதழில் இடம்பெறும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அந்த ஆவி மீனுக்குள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை காணாமல் சீட்டின் திறமையையோ குறையையோ மதிப்பிட இயலாது என்பதால், அதுவே முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சீட்டின் இயக்கம் எளியது. அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெர்மட் டயமண்டும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், புரோமோகிரெசால் பச்சை என்னும் நிறங்காட்டியை மெல்லிய படலம் ஒன்றில் பொதிந்து, மீன் வைத்த பொட்டலத்தின் காற்றிடைவெளியில் பொருத்தினர். அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 3.8-க்குக் கீழே இருக்கும்போது மஞ்சளாகவும் 5.4-ஐத் தாண்டும்போது நீலமாகவும் தோன்றும் இயல்புடையது இந்த நிறங்காட்டி. மீனிலிருந்து எழும் அமீன்கள் படலத்துள் புகுந்து அதன் அமிலத்தன்மையைக் குறைக்கக் குறைக்க, மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமாகிறது. வந்தது டிரைமெத்தில் அமீனா, டைமெத்தில் அமீனா, அம்மோனியாவா என்று படலம் பிரித்தறிவதில்லை; காரத்தன்மையுள்ள ஆவி எதுவாயினும் அதற்கு ஒன்றே.

உயிருள்ள கடல்மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே இருப்பது அதன் ஆக்சிஜன் ஏறிய வடிவமான, மணமற்ற டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு. மீன் இறந்தபின் பெருகும் சில பாக்டீரியாக்கள், காற்றிலுள்ள ஆக்சிஜன் கிட்டாத நிலையில், இந்த ஆக்சைடைச் சுவாசத்துக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. அப்போது ஆக்சிஜன் பிரிந்து, எஞ்சும் டிரைமெத்தில் அமீனே கவுச்சியாக வெளிப்படுகிறது. காற்றை நீக்கி மூடிய பொட்டலத்திலும் கடல்மீன் கெட்டு நாறுவதற்குக் காரணம் இதுதான். கரியமில வாயு நிரப்பிய பொட்டலங்களில் கோட் மீனைக் கெடுப்பதில் முதலிடம் வகிக்கும் போட்டோபாக்டீரியம் பாஸ்போரியம் என்னும் நுண்ணுயிர், இருளில் தானாக ஒளிரும் இனம் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

மீன் இந்த ஆக்சைடை ஏன் சேமித்து வைக்கிறது என்னும் கேள்வி, உணவுப் பொட்டலத்திலிருந்து நேரே கடலின் அடித்தளத்துக்கு இட்டுச் செல்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 8,000 மீட்டர் ஆழத்தில் ஓர் உயிரின் மீது 800 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தம் செயல்படுகிறது. அத்தகைய அழுத்தம் புரதங்களின் மடிப்பைக் குலைத்து, அவற்றின் வேலையைக் கெடுக்கக்கூடியது. டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு புரதங்களைச் சுற்றியுள்ள நீரின் அமைப்பை வலுப்படுத்தி, அந்த மடிப்பு குலையாமல் காக்கிறது. ஆகவே ஆழம் கூடக்கூட மீனின் தசையில் இந்தப் பொருளின் அளவும் சீராகக் கூடிக்கொண்டே செல்கிறது.

இந்தக் கூடுதலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதே இந்த வாரத்தின் பெரும் வியப்பு. கடலின் மேற்பகுதியில் வாழும் எலும்பு மீன்களின் உடல்நீரில் கரைபொருள்கள் கடல்நீரில் இருப்பதைவிடக் குறைவு. ஆழம் செல்லச் செல்ல ஆக்சைடு சேர்ந்துகொண்டே வருவதால், ஒரு கட்டத்தில் உடல்நீரின் செறிவு கடல்நீரின் செறிவுக்குச் சமமாகிவிடும்; அதற்கும் கீழே சென்றால் கடல்நீர் உடலுக்குள் புகத் தொடங்கும். அமெரிக்க உயிரியலாளர் பால் யான்சியும் உடன் ஆய்வாளர்களும், நியூசிலாந்துக்கு வடக்கேயுள்ள கெர்மாடெக் அகழியில் 7,000 மீட்டர் ஆழத்தில் பிடிபட்ட மீன்களை ஆராய்ந்து, அந்தச் சமநிலை ஏறத்தாழ 8,200 மீட்டரில் நேரும் என்றும், மீன்கள் அதனினும் மிக ஆழத்தில் வாழ முடியாது என்றும் 2014-இல் கணித்தனர். 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு–ஒகசவாரா அகழியில், ஸ்நெயில்ஃபிஷ் எனப்படும் செதிலற்ற, கூழ்போன்ற உடலுடைய மீன் ஒன்று 8,336 மீட்டர் ஆழத்தில் படம்பிடிக்கப்பட்டது. இன்றுவரை படமாக்கப்பட்ட மீன்களுள் இதுவே மிக ஆழத்தில் காணப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ 11,000 மீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடித்தளத்தில் மீன் எதுவும் காணப்படவில்லை. மீன்கடையில் மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடையின் மூலப்பொருளே, மீன் என்னும் இனம் கடலில் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம் என்பதையும் வரையறுப்பதாகத் தோன்றுவது, வேதியியல் அரிதாக அளிக்கும் மகிழ்ச்சிகளுள் ஒன்று.

சுறாக்களின் நிலை வேறானது. அவை உடல்நீரைக் கடல்நீருக்கு இணையான செறிவில் வைத்துக்கொள்ள, பிற விலங்குகள் கழிவாக வெளியேற்றும் யூரியாவைத் தசையில் தேக்குகின்றன. யூரியா புரதத்தைக் குலைப்பது என்பதால், அதன் தீங்கை ஈடுகட்ட, இரண்டு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு என்ற அளவில் இதே ஆக்சைடைச் சேர்த்துவைக்கின்றன. சுறா, திருக்கை ஆகியவற்றில் அம்மோனியா நெடி அடிப்பதைத் தமிழகக் கடற்கரையோர வீடுகள் நன்கறியும்; பாக்டீரியாக்கள் அந்த யூரியாவைச் சிதைப்பதால் எழும் நெடி அது.

இவ்வளவையும் அறிந்தபின் சீட்டுக்குத் திரும்பினால், அதன் குறை தெளிவாகிறது. ஆக்சைடு மிகுந்த கோட் மீனுக்கென அளவு வகுக்கப்பட்ட சீட்டு, ஆக்சைடு மிகக் குறைவாக உள்ள கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களின் பொட்டலத்தில் ஒட்டப்பட்டால், புரதம் சிதைந்து அம்மோனியா எழும் பிந்தைய கட்டம் வரை மஞ்சளாகவே நின்று, கெட்ட மீனை நல்ல மீனாகக் காட்டக்கூடும். சுறாவின் பொட்டலத்திலோ உரிய காலத்துக்கு முன்பே நீலமாகிவிடக்கூடும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளும் இந்த வேறுபாட்டை ஏற்று, ஆவியாகும் காரப்பொருள்களிலுள்ள நைட்ரஜனின் மொத்த அளவுக்கு, மீனினத்தைப் பொறுத்து 100 கிராமுக்கு 25, 30, 35 மில்லிகிராம் எனத் தனித்தனி வரம்புகளை வகுத்துள்ளன. எல்லா மீனுக்கும் ஒரே சீட்டு என்று விற்பனை செய்ய முனைவது வாங்குவோரை ஏமாற்றுவதற்கு ஒப்பாகும். எந்த இனத்துக்கென வகுக்கப்பட்டது என்பது ஒவ்வொரு சீட்டிலும் அச்சிடப்பட வேண்டும்.

மீன்குழம்பில் புளி சேர்ப்பதும் மேலைநாட்டார் மீன்மேல் எலுமிச்சை பிழிவதும் இதே வேதியியலின் மறுபக்கம்: அமிலம் டிரைமெத்தில் அமீனை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால் வாடை அடங்குகிறது. வாடைதான் அடங்குகிறது, கெட்ட மீன் கெட்டதாகவே இருக்கிறது. மனிதக் கல்லீரலும் ஒரு நொதியின் துணையால் டிரைமெத்தில் அமீனுக்கு ஆக்சிஜனைத் திருப்பி ஏற்றி, மீண்டும் மணமற்ற ஆக்சைடாக்குகிறது. அந்த நொதி பிறவியிலேயே குறைபட்டவர்களின் வியர்வையிலும் மூச்சிலும் மீன்வாடை வீசும். தூய்மைக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை மருத்துவர்கள் வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இலண்டனின் இம்பீரியல் கல்லூரியில் ஃபிராட் குடெரின் குழு 2019-இல் அறிவித்த காகித உணரியில் நிறமாற்றம் இல்லை. சாதாரணக் காகிதத்தில் கார்பன் மின்முனைகளை அச்சிட்டு, காகிதம் இயல்பாக ஈர்த்துவைத்திருக்கும் ஈரத்தில் அம்மோனியாவும் டிரைமெத்தில் அமீனும் கரையும்போது மின்கடத்துதிறன் கூடுவதை அது அளக்கிறது. அதன் விலையையும் கடைக்காரரின் கணக்கையும் விரிவாகப் பேச வேண்டியது அடுத்த இதழில்.

அவற்றோடு இன்னொரு பொருளும் அங்கே சேர்ந்துகொள்ளும். சூரை, கானாங்கெளுத்தி முதலிய மீன்களை வெப்பத்தில் போட்டுவைத்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. அது எளிதில் ஆவியாவதில்லை, வாடை எழும் முன்பே தீங்கான அளவை எட்டக்கூடியது, சமைத்தாலும் அழிவதில்லை. மூக்காலும் இந்த வாரத்துச் சீட்டாலும் உணர முடியாத அந்த நச்சைத் தடுக்க, மீன் எத்தனை மணி நேரம் எவ்வளவு வெப்பத்தில் கிடந்தது என்று கணக்கிடும் பழைய சீட்டுகளே மீண்டும் தேவைப்படுகின்றன.