கட்டவிழ்த்த பக்கம்

26 வருஷம் கம்போசிங் வேலை பார்த்தேன். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. கண்ணை மூடிக்கொண்டு எழுத்துக் கேஸுக்குள் கைவிட்டாலும் 'ழ' எந்தக் கட்டத்தில் கிடக்கிறதென்று விரலுக்குத் தெரியும். ஆஃப்செட் வந்தது. முதலாளி ஈய எழுத்துகளைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார். எனக்கு அப்போது வயது 47.

அப்புறம் ஒரு வருஷம் திண்ணையே கதி. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளச் சொன்னவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அம்மாவை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது அந்த வருஷத்தில்தான். பெஞ்சில் பக்கத்தில் இருந்த திருமங்கலத்துச் சம்சாரி, "ஏப்பா, பெரிய டாக்டரு கையப் பாத்திருக்கியா? விரலெல்லாம் வேரு கணக்கா முறுக்கிக் கெடக்கும். அந்தக் கையாலதான் எனக்கு கேம்ப்புல ஆபரேசன் பண்ணாரு" என்றார். கதை விடுகிறார் என்று நினைத்தேன். கதை இல்லை.

அந்தப் பெரிய டாக்டர், கோவிந்தப்பா வெங்கடசாமி, 1918-ல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ டாக்டராக வேண்டும் என்றே மருத்துவம் படித்தார். ராணுவத்தில் இருந்தபோது, 30 வயதில், முடக்குவாதம் வந்தது. நோயை விரட்ட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தின்னும் வியாதி அது. பேனா பிடிக்கக்கூட வழியில்லாமல் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். எழுந்து நடமாடினாலும் விரல்கள் வளைந்தது வளைந்ததுதான். பிரசவம் பார்க்கும் ஆசையும் அத்தோடு சரி.

இந்த மாதிரி நேரத்தில் நம் ஊரில் 'மறந்துரு' என்பார்கள். சொல்கிறவருக்கென்ன! டாக்டர் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. விரல் நிமிரட்டும் என்று காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். கண் மருத்துவம் படித்தார். அந்த வளைந்த விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டார். அந்தக் கைகள் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். வங்கிக் கடன் கிடைக்காததால் வீடு அடமானம் போனது. நகைகளும் போயின. தங்கை டாக்டர் நாச்சியார் உட்பட குடும்பமே கூட நின்றது.

அச்சகத்தில் ஒரு வேலை உண்டு. பக்கம் அச்சாகி முடிந்ததும் நூல்கட்டை அவிழ்த்து, மை துடைத்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் கட்டத்தில் பிரித்துப் போட வேண்டும். எவ்வளவு அழகாகக் கோத்த பக்கமானாலும் சரி. போடாவிட்டால் நாளைய நோட்டீஸுக்கு 'க' இருக்காது. எத்தனை பையன்களை இதற்காகத் திட்டியிருப்பேன்! நான் மட்டும் என் பக்கத்தை ஒரு வருஷம் அவிழ்க்காமலே வைத்திருந்தேன்.

48 வயதில் டைப்பிங் வகுப்புக்குப் போனேன். பக்கத்து சீட்டுப் பிள்ளைகள் 'அங்கிள்' என்றார்கள். முதல் வாரம் முழுக்க 'ழ'வைத் தேடினேன்.

இதிலே அம்மா கதை வேறு. மூன்று வருஷமாகப் பார்வை மங்கியும் வாய் திறக்கவில்லை. "வயசான கண்ணு, அம்புட்டுத்தான்" என்று தானாகவே விட்டுவிட்டிருக்கிறாள். பூ கட்டுவதையும் நிறுத்திவிட்டாள். விடக் கூடாததை விட்டிருந்தாள். கண்புரை என்றால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்துப்போவது. அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். அந்த லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே, அரவிந்தின் ஆரோலாப் ஆலையில், மலிவு விலையில் செய்கிறார்கள். அறுவை முடிந்த மாதமே அம்மா மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சுவரைத் தடவி நடக்கிறார்களா? ஊசியில் நூல் கோக்க உங்களைக் கூப்பிடுகிறார்களா? வயசு என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே கண்ணைக் காட்டக் கூட்டிப்போங்கள்.