இயங்கியல் சிந்தனையும் முரண்பாடும்

இயங்கியல் என்பது ஒரு கருத்தையும் அதற்கு எதிரான கருத்தையும் எதிரெதிரே நிறுத்தி, அவற்றிடையே வெளிப்படும் முரண்பாட்டின் துணையால் உண்மையைத் தேடும் சிந்தனை முறை ஆகும். இதன் மேலைநாட்டுப் பெயர், உரையாடும் கலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதனை இயக்கவியல் என்றும் எழுதுவர். இயற்பியலில் உள்ள இயக்கவியல் வேறு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சாக்ரடீஸின் கேள்விகள்

பிளேட்டோவின் 'யூதிப்ரோ' உரையாடல் இம்முறைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளான சாக்ரடீஸ், ஏதென்ஸ் நீதிமன்றத்தின் அருகே யூதிப்ரோவைச் சந்திக்கிறார். யூதிப்ரோ தம் சொந்தத் தந்தை மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்தவர். அடிமை ஒருவனைக் கொன்றுவிட்ட கூலியாளைத் தந்தை கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவைக்க, அவன் பசியாலும் குளிராலும் இறந்துபோனான். தந்தை மீது வழக்குத் தொடுப்பதே தெய்வத்துக்கு ஏற்ற செயல் என்பதில் மகனுக்குச் சிறிதும் ஐயமில்லை.

அப்படியானால் தெய்வ நெறி என்பது எது என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தெய்வங்களுக்கு உகந்ததே தெய்வ நெறி என்கிறார் யூதிப்ரோ. ஆனால் தெய்வங்கள் தமக்குள் சண்டையிடுகின்றன என்றும் அவர் நம்புகிறார். ஒரு தெய்வத்துக்கு உகந்த செயல் மற்றொரு தெய்வத்துக்கு வெறுப்பானால், அதே செயல் நெறியாகவும் நெறியல்லாததாகவும் ஆகிவிடும். இங்கே சாக்ரடீஸ் வெளியிலிருந்து சான்று எதையும் கொண்டுவரவில்லை. யூதிப்ரோவின் இரண்டு நம்பிக்கைகளே ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று காட்டுகிறார், அவ்வளவே. விளக்கங்கள் மாறுகின்றன, சிக்கலும் தொடர்கிறது. முடிவில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி யூதிப்ரோ கிளம்பிவிடுகிறார். விடை கிடைக்காததால் இதைத் தோல்வி என்பது சரியன்று. தந்தையைக் கூண்டில் ஏற்றும் அளவுக்கு உறுதியாக இருந்த ஓர் அறிவு, அறிவே அன்று என்பது தெரிந்துவிட்டது.

கலிலியோவின் இரு கற்கள்

முரண்பாடு, ஏதோ ஒன்று தவறு என்பதை மட்டுமே சொல்லும். எது தவறு என்பதைச் சொல்லாது. அதனைத் தனியே ஆராய்ந்து காண வேண்டும். கனமான பொருள் விரைவாக விழும் என்ற பழைய கொள்கையைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் இவ்வாறே ஆராய்ந்தார். பெரிய கல்லின் வேகம் 8, சிறிய கல்லின் வேகம் 4 என்று கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால், சிறிய கல் பெரியதைத் தடுப்பதால் வேகம் 8ஐவிடக் குறைய வேண்டும். ஆனால் சேர்ந்த எடை அதிகம் என்பதால் வேகம் 8ஐவிடக் கூடவும் வேண்டும். இரண்டும் ஒருங்கே நிகழ முடியாது. எடைக்கேற்ப வேகம் கூடும் என்ற எண்ணத்தைக் கைவிட்டால் முரண்பாடு மறைகிறது. காற்றில்லாத நிலவில் 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின் போது டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட, இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

ஹெகலும் பின்வந்தோரும்

ஹெகல் முரண்பாட்டைப் பிழையின் அறிகுறியாக மட்டும் கொள்ளாமல், கருத்துகளை முன்னே நகர்த்தும் ஆற்றலாகவும் கண்டார். 'கருத்து, எதிர்க்கருத்து, இணைகருத்து' என்ற வாய்பாடு அவர் பெயரில் வழங்கினாலும், அவர் தம் முறையை அப்படிச் சுருக்கவில்லை. கார்ல் மார்க்ஸ் இயங்கியலைச் சமூகப் பொருளாதார ஆய்வுக்குக் கொண்டுவந்தார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான முரண்பாடு என்னும்போது, அது நலன்களின் மோதல். ஒரே கூற்று உண்மையாகவும் பொய்யாகவும் இருக்கும் தருக்க முரண்பாடு அன்று. இவ்வேறுபாட்டை மறந்ததால் எழுந்த வீண் வாதங்கள் பல. முரண்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டால் விமர்சனத்துக்கே இடமிராது என்று 1940இல் கார்ல் பாப்பர் எழுதினார். அதைச் சகிக்க மறுப்பதால்தான் அது பயன் தருகிறது என்பது அவர் வாதம்.

தமிழில்

எதிர்க்கருத்தை முன்வைத்து ஆராயும் வழக்கம் தமிழ்ச் சமய நூல்களிலும் உண்டு. அருணந்தி சிவாசாரியாரின் 'சிவஞான சித்தியார்' பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பரபக்கம் உலகாயதர், பௌத்தர், சமணர் முதலியோரின் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறது. சுபக்கம் சைவ சித்தாந்தத்தை நிறுவுகிறது. மறுக்கும் முன் மாற்றார் கொள்கையைச் சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கு இதில் உள்ளது. ஆனால் 'யூதிப்ரோ' விடையின்றி முடிகிறது. இங்கோ விடை முன்பே உறுதியானது.